இடத்தைச் சொல்லாத கணவரும் சியாட்டில் வேலையும்

வாசகி ஒருவரின் கடிதம். மூன்று பக்கம் எழுதியிருந்தார், சுருக்கித் தருகிறேன்:

"அக்கா, எனக்கு 34 வயது. சொந்த ஊர் தேனிப் பக்கம். பதினோரு வருடமாக அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் இருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் உணவகச் சமையற்கட்டில்தான் வேலை, வேறு வேறு இடத்தில். ஆறு வருடத்துக்கு முன்னால் திங்கட்கிழமை லீவுகளில் சேர்ந்து காட்டுக் காளான் பறிக்கப் போக ஆரம்பித்தோம். இப்போது அவர் மூன்று உணவகங்களுக்கு விற்கிறார். வரும் ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதிலேயே இறங்கப்போகிறாராம். எனக்கு வாஷிங்டன் மாநிலத்து சியாட்டிலில் ஓர் ஆஸ்பத்திரி சமையற்கூடத்தில் மேனேஜர் வேலை வந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் உண்டு, இரவு வேலை இல்லை. அவர் வரமாட்டேன் என்கிறார். போன வாரம் காளான் பறித்து உணவகங்களுக்கு விற்கும் ஒரு தம்பதியைப் பற்றிய படம் பார்த்தோம், ரொம்ப அமைதியான படம். முடிந்ததும் அவர், 'அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் அவனைப் புரிஞ்சுக்கவே இல்லை' என்றார். நான், 'வாடகையை யார் கட்டுறது?' என்று கேட்டேன். அதோடு நான்கு நாள் பேச்சில்லை. இரண்டு வருடமாக எந்தக் காட்டில் எந்த இடத்துக்குப் போகிறார் என்றுகூட என்னிடம் சொல்வதில்லை, தொழில் ரகசியமாம். நிலையான சம்பளத்துக்கு ஆசைப்படுவது என் தப்பா? இந்தத் தொழிலை நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா?"

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டிருக்கிறீர்கள், அந்த உரிமையில் நேராகவே பேசுகிறேன். நான் குடும்ப ஆலோசகர் இல்லை. ஓரிகனிலும் வாஷிங்டனிலுமாக 19 வருடம் உணவகச் சமையற்கட்டில் நின்றவள், அதில் எட்டு வருடம் பின்வாசலில் காளான் கூடையோடு வருகிறவர்களிடம் விலை பேசி வாங்கியவள். உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களைக் கட்டிக்கொண்டவர்களையும் தெரியும், வேன் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு செக் வாங்கி வரும்வரை காத்திருப்பார்கள்.

முதலில் அந்தப் படம். ஒரே படத்தை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள், அவர் அதில் உங்களைப் பார்த்தார், நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், தன்னைப் பார்த்தவர் யாரும் இல்லை. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, களைத்துப்போன தம்பதிகள் எல்லோரும் அப்படித்தான் படம் பார்ப்போம். ஆனால் அந்த நான்கு நாள் மௌனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திரையில் இரண்டு பேர் பேசாமல் இருப்பது அழகாக இருக்கும், ஏனென்றால் கேமரா முதலில் அவர் முகத்தையும் அப்புறம் இவர் முகத்தையும் நமக்குக் காட்டிவிடுகிறது. வீட்டில் அந்த வசதி யாருக்கும் கிடையாது. அவர் சோபாவில் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும், நீங்கள் பாத்திரத்தை எவ்வளவு சத்தமாக வைக்கிறீர்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். எனக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாவது பக்கம் இருக்கிறதே, முழங்கால் வலி, காலையில் மணிக்கட்டு மடங்காதது, பிள்ளை பெற்றுக்கொள்வதைப் பற்றி யோசிக்கவே பயமாயிருப்பது எல்லாம் எழுதியிருந்த பக்கம், அதை அவர் படித்திருக்கிறாரா? படித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதைத்தான் முதலில் அவரிடம் கொடுக்கச் சொல்கிறேன். என் பதில் அதற்கு அப்புறம்.

சரி, தொழிலுக்கு வருவோம்.

பிழைக்க முடியுமா என்றால், பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓரிகனின் மாநிலக் காளானே சாண்டரெல்தான், 1999இல் சட்டமன்றத்திலேயே தீர்மானம் போட்டு அறிவித்தார்கள். அதைப் பண்ணையில் வளர்த்து விற்பனைக்குக் கொண்டுவர இன்றைக்கு வரைக்கும் வழியில்லை, டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக் மாதிரி உயிருள்ள மரத்தின் வேரோடு ஒட்டித்தான் வளரும். அதனால் உணவகத்துக்கு வேண்டுமென்றால் யாராவது காட்டுக்குள் போய்க் குனிந்தே ஆக வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் செய்வது உண்மையான வேலை, பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல கூடை எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது: ஒவ்வொன்றும் அடியில் கத்தியால் வெட்டி, காட்டிலேயே பிரஷ் போட்டு மண் தட்டி, ஒன்றின்மேல் ஒன்று நசுங்காமல் அடுக்கியது, மூடியைத் திறந்ததும் ஆப்ரிகாட் பழ வாசனை. ஒன்றை எடுத்து நீளவாக்கில் கிழித்தால் உள்ளே வெள்ளையாக, நார் நாராக, வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி பிரிகிற மாதிரி வரும். அப்படிக் கூடை கொண்டுவருகிறவரை நான் வாசலில் காக்க வைத்ததே இல்லை.

அதே ஆள் மூன்று நாள் மழைக்குப் பிறகு வருவார். கூடை கனக்கும். தண்டை அழுத்தினால் விரலில் தண்ணீர் கசியும். எடைக்குக் காசு கொடுத்தால் நான் மழைத் தண்ணீருக்குக் காசு கொடுத்த மாதிரி, குளிரறையில் வைத்தால் இரண்டு நாளில் ஓரமெல்லாம் கறுத்துக் குழைந்துவிடும். ஒருமுறை பாவப்பட்டு 30 பவுண்டு வாங்கிவிட்டு பாதியைக் குப்பையில் கொட்டினேன், முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறம் மழை கழித்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்பப் பழகிக்கொண்டேன். அவர்கள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த ஆள் விடிகாலை நாலரை மணிக்குக் கிளம்பியிருப்பார். இன்னொன்று, நல்ல மழை, நல்ல விளைச்சல் என்றால் அவருக்கு மட்டுமா விளையும்? அந்த வாரம் ஊரிலிருக்கிற எல்லாப் பறிகாரர்களும் எல்லாப் பின்வாசலிலும் நிற்பார்கள், விலை சரியும். காடு நிறையக் காளான் இருக்கும் வாரமும் கை நிறையக் காசு வரும் வாரமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று இல்லை, இதை முதல் வருடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு நாள் கணக்கு இருக்கிறது, அதையே போட்டுப் பார்ப்போம். போன அக்டோபரில் ஒரு நாள் 18 பவுண்டு பறித்தார், 12 பவுண்டு விற்றது, பவுண்டுக்கு 14 டாலர், மிச்சம் 6 பவுண்டு வீட்டுக்கு வந்தது. வரவு 168 டாலர். போகவர 120 மைல் என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோல், டயர், தேய்மானம் எல்லாம் சேர்த்து வருமான வரித்துறையே 2025க்கு மைலுக்கு 70 சென்ட் என்று கணக்கு வைத்திருந்தது, அதன்படி 84 டாலர் வண்டிக்கே போகும். மீதி 84. விடிகாலை கிளம்பியதிலிருந்து, பறித்து, வீட்டுக்கு வந்து தரம் பிரித்து, மூன்று உணவகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து முடிக்க 12 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 7 டாலர். போர்ட்லண்டில் குறைந்தபட்சக் கூலியே 2025 ஜூலையில் 16 டாலர் 30 சென்ட் ஆகிவிட்டது. இதில் சுயதொழில் வரி வேறு இருக்கிறது, 15.3 சதவீதம், சம்பளக்காரர்களுக்கு அதில் பாதியை முதலாளி கட்டுகிறார், இவருக்கு அது முழுக்க இவர் தலையில்.

இது மோசமான நாள் என்று அவர் சொல்லலாம், நியாயம்தான். 40 பவுண்டு கிடைத்து 40ம் விற்றுப்போன நாளில் 560 டாலர், அதே வண்டிச்செலவு. அந்த நாளும் உண்மை. கேட்க வேண்டியது எத்தனை நாள் இது, எத்தனை நாள் அது என்பதுதான், அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். இரண்டு வருடமாக விற்கிறார், தேதி, மைல், பவுண்டு, விலை, யார் வாங்கியது, எவ்வளவு மிஞ்சியது என்று எழுதி வைத்திருக்கிறாரா என்று நீங்கள் சொல்லவில்லை. வைத்திருந்தால் இரண்டு பேரும் ஒரு திங்கட்கிழமை உட்கார்ந்து அதைக் கூட்டுங்கள். இல்லையென்றால் அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, இரண்டு பேரும் தெரிந்த மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

வருடம் முழுக்க எப்படி ஓடும் என்பதையும் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை மோரல் காளான், முந்தின வருடம் காட்டுத்தீ எரிந்த மலைகளில் நிறைய முளைக்கும், அதற்காக வாரக்கணக்கில் வெளியே தங்க வேண்டிவரும். ஜூலை, ஆகஸ்ட் வறட்சி. செப்டம்பரிலிருந்து மட்சுடாக்கே காளான், அதற்கு ஓரிகன் நடுப்பகுதியில் செமுல்ட், கிரசென்ட் ஏரிப் பக்கம் போக வேண்டும், வியாபாரத்துக்குப் பறிக்க வனத்துறை பெர்மிட் வேண்டும், சீசன் முழுமைக்கும் எடுத்தால் 200 டாலர் அளவில். லாவோஸ், கம்போடியாவிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள், ஹமோங், மியென் மக்கள் அங்கே பல வருடமாகக் கூடாரம் போட்டுப் பறிக்கிறார்கள், கண்ணில் படும் மண்மேட்டை வைத்தே அடியில் காளான் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள், அவர்களோடுதான் இவர் போட்டி போட வேண்டும். குடை விரியாமல், அடித்திரை கிழியாமல் இருக்கிற மொட்டுதான் முதல் தரம், விரிந்துவிட்டால் விலை இறங்கிக்கொண்டே போகும், சாயங்காலம் வாங்குகிறவர் சொல்வதுதான் அன்றைய விலை. அப்புறம் டிசம்பர் வரை சாண்டரெல், கொஞ்சம் ஹெட்ஜ்ஹாக். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்? ரொம்பக் குறைவுதான்.

இந்த இடத்தில் நிற்க வேண்டும். ஜனவரியும் பிப்ரவரியும் உணவகங்களுக்கும் கூட்டமில்லாத மாதங்கள், உங்களுக்கே தெரியும், ஷிஃப்டைக் குறைப்பார்கள், ஏழு மணிக்கே வீட்டுக்குப் போ என்பார்கள். அப்படியானால் அவர் காளானிலும் நீங்கள் இப்போதைய வேலையிலும் இருந்தால் இரண்டு வருமானமும் ஒரே நேரத்தில் படுக்கும். ஆஸ்பத்திரி சமையற்கூடம் ஜனவரியிலும் மூன்று வேளை சமைக்கும். அவர் இந்தத் தொழிலை நடத்த வேண்டுமென்றாலே உங்களுக்கு அந்த மாதிரி வேலை இருப்பது நல்லது. இன்ஷூரன்ஸ் கதையும் அதுதான். முழுநேரக் கணக்கில் 50 ஆட்களுக்குக் குறைவாக இருக்கிற இடங்கள் மருத்துவக் காப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை, சின்ன உணவகங்கள் பெரும்பாலும் அந்த வகைதான். கத்தியும் செங்குத்துச் சரிவும் வைத்துப் பிழைக்கப்போகிற மனிதருக்கு உங்கள் வேலையிலிருந்துதான் இன்ஷூரன்ஸ் வரவேண்டும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், தப்பில்லை. நிலையான சம்பளத்துக்கு ஆசைப்படுகிறீர்கள் என்பதற்காக அவர் கனவுக்கு எதிராக நிற்கிறீர்கள் என்று அர்த்தமில்லை, அந்தச் சம்பளம் இல்லாமல் அவர் கனவு முதல் பிப்ரவரியைத் தாண்டாது. இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள், வாடகையை யார் கட்டுறது என்று கேட்பதைவிட இது காதில் ஏறும்.

ஆனால் அவர் பக்கம் ஒன்று இருக்கிறது, அது உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை, உங்களுக்கு அது தோன்றவில்லை என்றே நினைக்கிறேன். சாண்டரெல் போன வருடம் முளைத்த இடத்திலேயே இந்த வருடமும் முளைக்கும், வேரோடு ஒட்டிய பூஞ்சை மண்ணுக்கடியில் அங்கேயே உயிரோடு இருக்கிறது. ஆறு வருடமாக அவர் சேர்த்து வைத்திருப்பது அந்த இடங்களைத்தான். எந்த ஓடைக்கு வடக்கே, எந்த விழுந்த மரத்துக்குப் பின்னால், முதல் மழைக்குப் பிறகு எத்தனையாவது நாள் என்பது வரைக்கும் அவர் தலைக்குள் இருக்கும். வங்கியில் காசு வைக்கவில்லை, காட்டில் வைத்திருக்கிறார். சியாட்டில் போர்ட்லண்டிலிருந்து சுமார் 175 மைல். உங்களுக்கு அது வேலை மாற்றம், கத்தியைத் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு போனால் அங்கேயும் அதே கை, அதே திறமை. அவருக்கு அங்கே ஒரு மரம்கூடத் தெரியாது, வாங்குகிற ஒரு செஃப்கூடத் தெரியாது. வாஷிங்டனிலும் அருமையான காடுகள் இருக்கின்றன, ஒலிம்பிக் தீபகற்பம் இருக்கிறது, கேஸ்கேட் மலைச்சரிவு இருக்கிறது, எல்லாம் சரிதான், ஆனால் ஆறு வருடம் மறுபடியும் முதலிலிருந்து. 'வரமாட்டேன்' என்று சொல்கிறாரே, அதற்குள் இது இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தை நீங்களாகவே அவரிடம் எடுத்துப் பேசினால், 'என்னைப் புரிந்துகொள்ளவில்லை' என்ற அவர் புகார் பாதி இறங்கும்.

என் கதையை ஒரு வரியில் சொல்கிறேன். தலைமை செஃப் பதவி கிடைத்ததும் வீட்டில் கேட்காமலே சரியென்று சொல்லிவிட்டு வந்தேன், என் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், காலை ஐந்து மணிக்குக் கிளம்புவார், நான் இரவு பன்னிரண்டரைக்கு வருவேன், ஏழு வருடம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டில்தான் குடும்பம் நடத்தினோம். அவர் ஒரு தடவையும் குறை சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், அது நான் செய்த பெரிய தப்பு. அதனால்தான் உங்கள் வீட்டுக்காரர் 'ஏப்ரலில் வேலையை விடப்போகிறேன்' என்று அறிவித்ததைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது, நீங்கள் சியாட்டிலுக்கு இன்டர்வியூ போனதை அவரிடம் வேலை கிடைத்த பிறகுதான் சொன்னீர்கள் என்று படித்ததும் அதே அளவுக்கு வருத்தமாக இருந்தது.

இப்போது நீங்கள் மூன்றாவது பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதியதற்கு வருகிறேன், எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் தெருவோர ஹார்ன்பீம் மரத்தடியில் முட்டை மாதிரி இருந்த காளான்களை எடுத்துக்கொண்டு வந்து, 'நம்ம ஊர் வைக்கோல் காளான் மாதிரியே இருக்கு' என்றார், நீங்கள் வேண்டாம் என்று பிடுங்கி எறிந்தீர்கள், 95 சதவீதம் நிச்சயம் என்று அவர் கோபித்துக்கொண்டார், அன்றிலிருந்து அவர் கொண்டுவருவதை இரண்டு தடவை பார்க்காமல் நீங்கள் சாப்பிடுவதில்லை. தங்கை, நீங்கள் அன்றைக்குச் செய்தது சரி. இந்தப் பசிபிக் கரையில் டெத் கேப் என்கிற கொடிய விஷக் காளான் முளைக்கிற இடங்களில் அந்த ஹார்ன்பீம் மரத்தடியும் ஒன்று. மொட்டுப் பருவத்தில் இரண்டுமே உறைக்குள் இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் அச்சாக ஒன்றுபோல, வைக்கோல் காளான் சாப்பிட்டு வளர்ந்த ஆசியக் குடும்பங்கள் இங்கே வந்து ஏமாந்ததற்கு அதுதான் காரணம். வைக்கோல் காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பு, டெத் கேப்புக்கு வெள்ளை, வளர்ந்த டெத் கேப்பின் தண்டில் பாவாடை மாதிரி வளையம் தொங்கும், வைக்கோல் காளானுக்கு அது கிடையாது. அதைவிட எளிது, வைக்கோல் காளான் சூட்டில், மக்குகிற வைக்கோலில் வளர்வது, ஓரிகன் குளிரில் மரத்தடி மண்ணிலிருந்து வருவது அதுவாக இருக்காது. டெத் கேப்பின் நஞ்சு வேகவைத்தாலும் காயவைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியாது, அப்புறம் வாந்தியும் பேதியும், அப்புறம் குணமான மாதிரி ஒரு நாள், அதற்குள் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். 2012இல் கலிபோர்னியாவில் லூமிஸ் என்ற ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர் பறித்து வந்த காளானில் சூப் வைத்து 4 பேர் இறந்தார்கள். அவர் நல்லது நினைத்துத்தான் வைத்தார்.

உங்கள் வீட்டுக்காரர் இப்போது அன்றைக்கு இருந்ததைவிட ரொம்பத் தேறியிருப்பார், நம்புகிறேன். ஊர் நினைப்பு வந்தால் கண் ஏமாறும், எனக்கும் புற்றுக் காளான் ஏக்கம் உண்டு, இடி இடித்தால் இன்றைக்கும் மனசு எங்கள் ஊர் கரைமேட்டுக்குப் போகும். ஆனால் விற்கிறவருக்கு 95 என்று ஓர் எண் கிடையாது. வாங்கிய காலத்தில் என்னிடம் ஒருவர் 'அநேகமாக' என்று சொன்னால் அன்றைக்குக் கூடை மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவேன், அந்த ஒன்றை மட்டும் இல்லை. விதிப்படியும் காட்டுக் காளானை உணவகம் பரிமாற சுகாதாரத்துறையின் ஒப்புதல் வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும், அடையாளம் தெரிந்த நிபுணர் பார்த்ததற்கான காகிதம் கேட்கிற இடங்கள் உண்டு. அந்த மூன்று உணவகங்கள் கேட்கவில்லை என்றால் நல்லவர்கள் என்று நினைக்க வேண்டாம், ஏதாவது ஆனால் முதலில் இவர் பெயரைத்தான் சொல்வார்கள். காளான் நல்லதாக இருந்தால்கூட ஆபத்து உண்டு: 2023இல் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் நகர உணவகம் ஒன்றில் மோரல் சாப்பிட்ட 51 பேர் நோயுற்றார்கள், 2 பேர் இறந்தார்கள். அது பயிரிட்ட மோரல், விஷக் காளான் இல்லை, பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறியதுதான் வினை. ஆக ஏப்ரலில் மோரல் விற்கப் போகிறார் என்றால் அதற்கு முன்னால் பெர்மிட், தொழில் பதிவு, பொறுப்புக் காப்பீடு மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஊரிலிருக்கிற காளான் சங்கத்தில் சேரச் சொல்லுங்கள், நீங்களும் சேருங்கள், குளிர்காலத்தில் அடையாளம் காணும் வகுப்பு எடுப்பார்கள். நீங்கள் சந்தேகப்படுவதை அவர் அவமானமாக நினைக்கக் கூடாது, தொழிலில் இரண்டாவது ஜோடிக் கண் என்பது சொத்து. அந்தக் கண் உங்களுக்கு இருக்கிறது என்று அன்றைக்கே நிரூபித்துவிட்டீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன கேட்பேன் என்று சொல்கிறேன், அப்படியே செய்ய வேண்டியதில்லை. சியாட்டில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய தேதியை இரண்டு மாதம் தள்ளிக்கொடுப்பார்களா என்று கேட்பேன். அதே நேரம் போர்ட்லண்டிலேயே ஆஸ்பத்திரி, கல்லூரி, கம்பெனி கேன்டீன் என்று நிறைய சமையற்கூடங்கள் இருக்கின்றன, உங்கள் தகுதிக்கு சியாட்டிலில் வேலை தந்தவர்கள் இருக்கும்போது இங்கே தரமாட்டார்களா, தீவிரமாகத் தேடுவேன். உங்களுக்கு வேண்டியது இன்ஷூரன்ஸும் இரவில் வீட்டில் இருப்பதும்தானே, சியாட்டில் இல்லையே? கடிதத்தை மூன்று தடவை படித்தேன், அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை ஆசையாக எழுதவில்லை. கிடைத்தால் அவர் காடு அவருக்கு இருக்கும், உங்கள் முழங்காலுக்கும் ஓய்வு. கிடைக்கவில்லை என்றால் சியாட்டில் போங்கள், அவருக்கு இரண்டு வருடத்துக்கு செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை ஓரிகனில் தங்கிப் பறிக்க ஒப்புக்கொள்ளுங்கள். எப்படியானாலும் அவர் ஏப்ரலில் மொத்தமாக வேலையை விட வேண்டாம், வாரத்தில் இரண்டு மூன்று இரவு வைத்துக்கொள்ளட்டும், டிசம்பர் முடிந்து மார்ச் வரை முழுநேரமாகத் திரும்பட்டும். நல்ல லைன் குக்கை எந்தச் சமையற்கட்டும் வேண்டாமென்று சொல்லாது. வாடகையில் அவர் பங்கு இவ்வளவு என்று டாலரில் எழுதிக்கொள்ளுங்கள், அது வராத மாதம் என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் இதே தேதிக்கு அந்த நோட்டைத் திறந்து இரண்டு பேரும் மறுபடி முடிவெடுங்கள். காசைப் பற்றி எழுதிக்கொண்டால் அன்பு குறைந்துவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. எழுதாத வீடுகளில்தான் 'உனக்காக நான் எவ்வளவு' என்ற பேச்சு வருகிறது, நான் பார்த்தவரை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் போகிற இடம் உங்களுக்குத் தெரிய வேண்டும். பறிகாரர்கள் இடத்தைச் சொல்ல மாட்டார்கள், எனக்குத் தெரியும், எட்டு வருடம் வாங்கியும் ஒருத்தர்கூட என்னிடம் வாய்திறந்ததில்லை, நான் கேட்டதுமில்லை. ஆனால் நான் காளான் வாங்குகிறவள், நீங்கள் மனைவி. காளானைப் பார்த்துக்கொண்டே குனிந்து நடக்கிறவர்கள் எந்தப் பக்கம் வந்தோம் என்று நிமிர்ந்து பார்ப்பதில்லை, வழி தவறிய காளான் பறிகாரர்களைத் தேடி ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஓரிகனில் தேடுதல் குழுக்கள் காட்டுக்குள் போகின்றன. மாவட்ட ஷெரிஃப் ஆபீஸிலிருந்து போன் வந்து 'எங்கே போனார்?' என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? 'மேற்கே எங்கேயோ' என்றா? ரொம்பப் பெரிய காடு அது, இருட்டிவிட்டால் கடலோர மலைகளில் மழையும் குளிரும் சேர்ந்து ஓர் இரவிலேயே ஆளை முடக்கிவிடும்.

அவர் கூச்சப்பட்டால் இப்படிக் கேளுங்கள்: போனில் வேண்டாம், வனத்துறையின் காகித வரைபடம் ஒன்று வாங்குங்கள், கடைகளில் கிடைக்கும். பென்சிலால் அவர் கையாலேயே குறிக்கட்டும், மடித்து உங்கள் அரிசி டப்பாவோ பாஸ்போர்ட் வைக்கும் பெட்டியோ எங்கே வைப்பீர்களோ அங்கே வையுங்கள். காலையில் கிளம்பும்போது இன்றைக்கு எந்தக் குறி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரு வரி. அவர் கழுத்தில் ஒரு விசில்.

கடைசியாக எப்போது சேர்ந்து போனீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வரும் திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் லீவு. விற்பதற்கு இல்லை, கூடை ஒன்று போதும். அவர் குறித்ததில் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், நோட்டும் என் பதிலும் வண்டியிலேயே இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் விடாமல் காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டுத் தண்ணீர் வற்றும்வரை வதக்கி, அப்புறம் வெண்ணெய், உப்பு, கடைசியாக ரெண்டு முட்டை. இந்தத் தடவை அடுப்பில் அவர் நிற்கட்டும்.

அன்புடன்,
அக்கா